படகுக்குப் பாவாடை தைத்த சுலோச்சனா

ஆந்திர எல்லையோர நகரியில் சுலோச்சனாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு, "இறுக்கமாக இருக்கிறது" என்று சொல்லி ஜெயித்தவர்கள் கிடையாது. "துணி இறுகல, நீதான் பெருத்துட்டே" என்று கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை எடுத்து அந்த இடத்திலேயே நிரூபித்துவிடுவாள். நாற்பது தாண்டியவள். கணவர் தணிகாசலம் வீட்டின் பின்கட்டில் விசைத்தறி ஓட்டுகிறார். மகள் ஹர்ஷினி திருப்பதியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். முன்னறையில் தையல் மெஷின், பின்கட்டில் தறி, தெரு முழுக்க வீட்டுக்கு வீடு தறி. அந்தத் தெருவில் மெதுவாகப் பேசி யாருக்கும் பழக்கமில்லை. சுலோச்சனா போனில் கூப்பிட்டால் எதிர்முனையில் இருப்பவர்கள் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடிப்பார்கள்.

மழைக்காலம் முடிந்து பொங்கலும் போன பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு பேர் அவள் கடைக்கு வந்தார்கள். இருவருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை. முரளி வேலூர்ப் பக்கத்துக்காரன். யோகேஷுக்குத் திருவள்ளூர். கறுப்பாக, நடுவில் ஓட்டையோடு, கிழிந்த குடை மாதிரி ஒன்றை முரளி மெஷின்மேல் வைத்தான்.

"இன்னா தம்பி இது?"

"ஸ்கர்ட்டு அக்கா. இதே மாதிரி புதுசா ஒண்ணு தெச்சிக் குடுக்கணும்."

"யாருக்கு? அளவு எடுக்கணுமே."

"படகுக்கு அக்கா."

பின்கட்டில் தறியை நிறுத்திவிட்டுத் தணிகாசலம் எட்டிப் பார்த்தார். "படகுக்குப் பாவாடையா? ரவிக்கையும் வேணுமா, கேட்டுக்கோ."

முரளி பொறுமையாக விளக்கினான். கயாக் என்பது ஒரே ஒரு ஆள் உட்காரும் ஒல்லிப் படகு. உட்காரும் குழியைச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கும். துடுப்புப் போடுகிறவர் இந்தப் பாவாடையை இடுப்பில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, கீழ் ஓரத்தை அந்த விளிம்பில் இழுத்து மாட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது. பிச்சாட்டூர் அணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் கயாக் ஓட்டுகிறார்கள். சென்னையிலிருந்து பழைய படகு இரண்டை வாங்கி வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். படகு நன்றாகத்தான் இருக்கிறது. பாவாடைதான் கிழிந்துவிட்டது.

சுலோச்சனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் பாவாடை தைத்ததற்குக் கணக்கில்லை. இப்படியொரு பாவாடை பார்த்ததில்லை. மழைக்கோட்டுத் துணியும் முரட்டு எலாஸ்டிக்கும் வாங்கிவரச் சொன்னாள். அடுத்த வாரமே தைத்து முடித்தாள். ஆனால் கொடுக்க மறுத்துவிட்டாள்.

"போட்டுப் பாக்காம எதையும் குடுத்து எனக்குப் பழக்கமில்ல. படகு எங்க கீது? நானே வரேன்."

நகரி சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது, பிச்சாட்டூர் திருப்பதி மாவட்டத்தில். மாவட்டம் விட்டு மாவட்டம் போய் ட்ரையல் பார்க்கிற தையல்காரி தன் மனைவி ஒருத்திதான் என்று வண்டி ஓட்டியபடி தணிகாசலம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அணை நிறைந்து கிடந்தது. கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மஞ்சள் படகு மிதந்தது. சுடிதார்மேல் பாவாடையை மாட்டிக்கொண்டு, அதற்குமேல் மிதவைச் சட்டையும் போட்டுக்கொண்டு சுலோச்சனா அதில் உட்கார்ந்தாள். சிறு வயதில் வயல் கிணற்றில் குதித்து நீந்தியவள் என்பதால் தண்ணீர் பயம் கிடையாது. பாவாடையின் ஓரத்தை விளிம்பில் இழுத்து மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. முன்பக்கம் மட்டும் ஒரு வார் வெளியே தொங்கியது. கவிழ்ந்தால் அதைப் பிடித்து இழுத்துத்தான் பாவாடையைக் கழற்ற வேண்டும், எப்போதும் வெளியிலேயே இருக்க வேண்டும் என்று யோகேஷ் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காதில் பாதிதான் விழுந்தது. தைத்த பொருளில் எதுவாவது தொங்கினால் அவளுக்குப் பிடிக்காது. வாரை மடித்து உள்ளே செருகினாள்.

"இன்னாங்க, எப்படி கீது பாருங்க!" என்று கரையில் நின்ற கணவர் பக்கம் திரும்பினாள்.

படகும் திரும்பியது. மேல் கீழாக.

தலைகீழாகத் தொங்கிய சுலோச்சனா வாரைத் தேடினாள். இல்லை. பாவாடையைப் பிய்த்துப் பார்த்தாள். அது சுலோச்சனா தைத்தது, எளிதில் பிய்ந்துவிடுமா? காலை உதைத்தாள், இடுப்பை முறுக்கினாள், எலாஸ்டிக் அசையவில்லை. இத்தனை வருஷமாக ஊரார் சொன்ன இறுக்கம் என்னவென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முரளி தண்ணீரில் பாய்ந்து, படகின் அடிப்புறத்தைத் தாண்டிக் கை போட்டு, மறு ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் நிமிர்த்தினான்.

தலையில் பாசி, வாயில் சேறு. துப்பிவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை: "எலாஸ்டிக் நல்லாதான் புடிக்குது."

கரைக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "ஏன் தம்பி, கவுந்தா யாராச்சும் வந்து தூக்கினாதான் ஆச்சா? தானா எந்திரிக்க முடியாதா?"

"முடியும் அக்கா. ரோல்னு ஒண்ணு கீது. துடுப்பை வெச்சிக்கினு அப்படியே உருண்டு மேல வந்துடலாம்."

"எங்க, செஞ்சி காட்டு."

முரளியும் யோகேஷும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருமே வீடியோ பார்த்துக் கற்றவர்கள். முரளி இரண்டு தரம் கவிழ்ந்து, நீந்தி வெளியே வந்து, அடுத்த தரம்தான் உருண்டு எழுந்தான். யோகேஷ் முதல் தரமே எழுந்தான். எழுந்த வேகத்தில் மறுபக்கம் கவிழ்ந்துவிட்டான்.

ஆனால் விளக்கம் சொல்வதில் இருவரும் மன்னர்கள். முரளியின் கட்சி 'சி டு சி'. தண்ணீருக்கடியில் முன்னால் குனிந்து, துடுப்பைப் படகுக்கு நேர் குறுக்காக நீட்டி, உடம்பை ஒரு பக்கம் ஆங்கில 'சி' எழுத்துப்போல வளைத்து, பிறகு இடுப்பை ஒரே வெட்டாக வெட்டி மறுபக்கம் வளைக்க வேண்டும். படகு நிமிர்ந்துவிடும். யோகேஷின் கட்சி 'ஸ்வீப்'. துடுப்பைப் படகின் முன்னாலிருந்து பின்னால் வரை தண்ணீர் மட்டத்திலேயே அரைவட்டமாக விரித்துக்கொண்டு வர வேண்டும். அதனோடேயே இடுப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.

"ஸ்வீப்ல துடுப்பு ஆழமா எறங்கிடும் அக்கா. சி டு சி-தான் சுத்தம்," என்றான் முரளி.

"அவன் தோள்பட்டை வலின்னு மூணு நாள் லீவு போட்டான், அதையும் சொல்லச் சொல்லுங்க அக்கா," என்றான் யோகேஷ்.

ராத்திரி தணிகாசலத்துக்குச் சோறு போடும்போது சுலோச்சனா சொன்னாள்: "நான் அதைக் கத்துக்கப் போறேன்."

"எதை?"

"உருள்றதை."

தான் தைத்த துணியிலேயே தலைகீழாகத் தொங்கினோமே என்ற ரோஷம் ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது, அதை அவள் கணவரிடம் சொல்லவில்லை. தண்ணீருக்குள் தலை போன அந்தக் கொஞ்ச நேரம் தறிச்சத்தம் இல்லை. மெஷின் இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படியொரு அமைதியை அவள் கேட்டதில்லை. மூச்சு முட்டியதால்தான் அதை முழுசாக அனுபவிக்க முடியாமல் போனது.

இரண்டு வித்தைகளையும் துணியாக நினைத்துப் பார்த்தாள். முரளியுடையது கத்தரிக்கோல் வெட்டு: வைத்தோமா, வெட்டினோமா, முடிந்தது. யோகேஷுடையது அக்குள் வளைவைச் சாக்கட்டியால் இழுத்து வரைகிற மாதிரி. கத்தரிக்கோல்மேல் அவளுக்கு எப்போதும் நம்பிக்கை அதிகம். சி டு சி என்று முடிவு செய்தாள்.

மூக்கில் தண்ணீர் ஏறாமலிருக்கத் துணி காயப்போடும் கிளிப்பைச் சின்னதாக நறுக்கி, உள்ளே லைனிங் துணி ஒட்டிக்கொண்டாள். வாரை இனி உள்ளே செருகுவதில்லை என்று சத்தியம் செய்தாள். முதல் ஞாயிறு முழுக்க, கவிழ்ந்ததும் வாரை இழுத்து வெளியே வருவதை மட்டும் செய்யவைத்தான் முரளி. அப்புறம்தான் உருளல். இடுப்பை வெட்டுவதுதான் உயிர், அதை வீட்டிலும் பழகலாம் என்றான்.

ஒரு மத்தியானம் கடைக்கு யாரும் வரவில்லை. சுலோச்சனா கட்டிலின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்கும்படி சரிந்து படுத்து, கையில் முழக்கோலைத் துடுப்பாகப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வெட்டி வெட்டி இழுத்தாள். மூக்கில் கிளிப் இருந்ததால் மூச்சு வாய்வழியாகப் புஸ் புஸ்ஸென்று வந்தது. சோறு சாப்பிட வந்த தணிகாசலம் அதைப் பார்த்தார்.

"ஐயோ, சுலோவுக்கு இழுத்துக்கினுச்சே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டு, ஓடிவந்து பீரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது. பக்கத்து வீட்டு அகிலா செம்பில் தண்ணீரோடு ஓடிவந்து முகத்தில் அடித்தாள்.

"இழுப்பு இல்ல, இடுப்பு!" என்று கிளிப்போடு மூக்கால் கத்தினாள் சுலோச்சனா. யாருக்கும் புரியவில்லை. "பேச்சும் குழறுதே" என்று அகிலா அழத் தொடங்கினாள்.

கிளிப்பைக் கழற்றி, விஷயத்தைச் சொல்லி, கூட்டத்தை அனுப்புவதற்குள் சோறு ஆறிப்போனது. அதற்குப் பிறகு தெருவில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள்.

தண்ணீரில் இடுப்பு நன்றாகத்தான் வெட்டியது. தலைதான் கெடுத்தது. உருண்டு வரும்போது படகு முதலில் நிமிர வேண்டும், அப்புறம் உடம்பு, கடைசியில்தான் தலை. தலையை முதலில் தூக்கினால் அந்தக் கனத்திலேயே படகு மறுபடி கவிழ்ந்துவிடும். சுலோச்சனாவுக்கு மேலே வந்ததும் பேச வேண்டியது நிறைய இருந்தது. வாய் வெளியே வருவதற்காகத் தலை முதலில் வந்துவிடும்.

"தலையைக் கடைசியா எடுங்க அக்கா!" என்று முரளி கத்துவான்.

"அதைத்தா..." என்பாள் அவள். அதற்குள் தண்ணீர் மூடிவிடும்.

வாரங்கள் போயின. வலது தோள் பிடித்துக்கொண்டது. ரவிக்கைக்குக் கை வெட்டவே வலித்தது. ஒரு ஞாயிறு, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "முரளி தம்பி, கோச்சிக்காதே. நான் ஸ்வீப் பக்கம் போறேன். தோளுக்கு அதான் சாந்தமா இருக்கும்போல கீது."

முரளி கோபித்துக்கொள்ளவில்லை என்று சொன்னான். அடுத்த ஞாயிறு ஜுரம் என்று வரவில்லை. யோகேஷ் இனிப்பு வாங்கி வந்தான்.

ஸ்வீப் அவள் கைக்கு ஒத்துவந்தது. ஆனால் ஸ்வீப்பிலும் தலை கடைசியில்தான் வர வேண்டும் என்பதை யோகேஷ் பிறகுதான் சொன்னான். பழைய கதையே மறுபடி நடந்தது. அணையில் தட்டு மாதிரி வட்டப் பரிசலில் சுற்றி மீன் பிடிக்கும் முனெய்யா, அவள் கவிழும் ஒவ்வொரு தரமும் வலையைப் போட்டுவிட்டுத் தெலுங்கில் "அய்யோ, மனிஷி போயிந்தி!" என்று அலறினார். ஆள் போய்விட்டாள் என்று அவர் அலறி அலறியே அன்றைக்கு மீனெல்லாம் ஓடிப்போனது.

வழி பிறந்தது தணிகாசலத்தின் எரிச்சலில். ஒருநாள் சாயங்காலம் அவர் காப்பிக்காகக் காத்துக் காத்துப் பார்த்தார். சுலோச்சனா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்தபடியே ஹர்ஷினியோடு பேசிக்கொண்டு கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நூல் எடுத்தாள், விளக்குப் போட்டாள், தலை மட்டும் தோளை விட்டு நிமிரவில்லை.

"போன்ல பேசினா ஒரு மணி நேரமானாலும் தலையைத் தூக்க மாட்ற. தண்ணிக்குள்ள மட்டும் உனக்கு இன்னா அவ்ளோ அவசரம்?" என்றார்.

சுலோச்சனா ஊசியை நிறுத்தினாள். "ஹர்ஷினி, வை. அப்பால பேசறேன்," என்றாள். தலையைத் தோளில் சாய்த்தபடியே முழக்கோலை எடுத்து அறைக்குள் அரைவட்டம் போட்டுப் பார்த்தாள். அன்றைக்குத் தணிகாசலத்துக்குக் காப்பி கிடைக்கவே இல்லை.

அந்த ஞாயிறு முரளி ஜுரம் தெளிந்து வந்திருந்தான். மத்தியானம் அவனும் யோகேஷும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே பழைய சண்டையைத் தொடர்ந்தார்கள். தணிகாசலம் வேப்பமரத்தடியில் நூல் வியாபாரியோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். யாரும் பக்கத்தில் இல்லாமல் கவிழக் கூடாது என்பது கட்டளை. முனெய்யா பக்கத்தில் இருக்கிறாரே என்று சுலோச்சனா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படகைத் தள்ளினாள். தள்ளிப்போய், துடுப்பை முன்னால் வைத்து, மூச்சை இழுத்து, சரிந்தாள்.

உள்ளே அதே அமைதி. பச்சைத் தண்ணீரில் வெயில் கலங்கித் தெரிந்தது. தோளில் போன் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். ஹர்ஷினி விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் புலம்புகிறாள், கேட்டுக்கொள்ள வேண்டும், பதில் பேசக் கூடாது. துடுப்பு தண்ணீர்மேல் விரிந்தது, இடுப்பு கூடவே திரும்பியது, காது தோளிலேயே ஒட்டியிருந்தது. வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தபோதுதான் தான் மேலே இருப்பது அவளுக்குத் தெரிந்தது. தலையை மெல்ல நிமிர்த்தினாள். படகு அசையாமல் நின்றது.

கரையைப் பார்த்தாள். முரளி கோழிக்காலைக் கத்தியாக வைத்து யோகேஷுக்கு இடுப்பு வெட்டு விளக்கிக்கொண்டிருந்தான். தணிகாசலம் மரத்தோடு பேசுவதுபோல முதுகைக் காட்டி நின்றார்.

"யோவ்! நான் எந்திரிச்சிட்டேன்!"

"எங்க போறதுக்கு?" என்றார் தணிகாசலம், போனைப் பொத்திக்கொண்டு.

யாரும் நம்பவில்லை. தனியாகக் கவிழ்ந்ததற்கு முரளி திட்டினான். திரும்பச் செய்யச் சொன்னார்கள். செய்தாள். சந்தோஷத்தில் தலை முதலில் வந்துவிட்டது.

சாட்சி முனெய்யா ஒருவர்தான். அவர் சாட்சி சொன்ன அழகில்தான் வினை வந்தது. பிச்சாட்டூர் டீக்கடையில் அவர் முதல் நாள் சொன்னது, அந்த அம்மா ஒரு தரம் உருண்டு எழுந்தாள் என்று. மறுநாள் அது "மூடு சார்லு" ஆயிற்று, மூன்று தரம். வாரக் கடைசியில், நகரியிலிருந்து வரும் ஒரு அம்மா தண்ணீருக்குள் போய்ப் பீடி பிடிக்கிற நேரம் இருந்துவிட்டு மீன் மாதிரி துள்ளி வெளியே வருகிறாள் என்று ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு அணைக்கரையில் குடும்பம் குடும்பமாக ஜனம் உட்கார்ந்திருந்தது. ஐஸ் வண்டி ஒன்று வந்திருந்தது. நகரியிலிருந்து அகிலா, இந்தத் தரமும் கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு.

"திரும்பிப் போயிடலாமா?" என்று தணிகாசலம் காதோடு கேட்டார்.

"இத்தினி பேர் வந்து கீறாங்க, எப்படிப் போறது?" என்றாள் சுலோச்சனா. குரல் மட்டும் வழக்கத்தைவிடச் சன்னமாக வந்தது.

முதல் தரம் கவிழ்ந்தாள், தலை முந்திக்கொண்டது, வாரை இழுத்து நீந்தி வந்தாள். கரையில் "அச்சச்சோ" என்று ஒரு அலை எழுந்தது. இரண்டாம் தரமும் அப்படியே. சிலர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்கள். முனெய்யா தன் மானம் போகிறதே என்று பரிசலில் நின்றபடி தலையில் கை வைத்துக்கொண்டார். முரளி தண்ணீரில் இறங்கிப் படகருகில் நின்றான். "அக்கா, எந்த ரோலா இருந்தாலும் சரி. ஒருவாட்டி வரலைன்னா உள்ளேயே இருந்து மறுபடி துடுப்பை வைங்க. அவசரமே இல்ல," என்றான். சி டு சி என்ற பேச்சே எடுக்கவில்லை. அது அவளுக்குத் தைரியமாக இருந்தது.

மூன்றாம் தரம் சரிந்தாள். துடுப்பு வழுக்கி ஆழத்தில் இறங்கியது. படகு பாதி எழுந்து, திரும்பவும் அமுங்கியது. கரைக்கு அந்த மஞ்சள் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. உள்ளே சுலோச்சனாவின் கை தானாக வாருக்குப் போனது. அங்கேயே நின்றது. இன்னும் மூச்சு இருந்தது. குனிந்து துடுப்பை முதலிலிருந்து, நிதானமாக, முன்னால் கொண்டுவந்து வைத்தாள். காதைத் தோளில் பொருத்தினாள். வளைவை இழுத்தாள்.

மேலே வந்தபோது ஜனம் கத்திக்கொண்டிருந்தது, ஆனால் அவளைப் பார்த்து அல்ல. தணிகாசலம் பேண்ட்டும் சட்டையுமாக, சட்டைப்பையில் போனோடு, மார்பளவுத் தண்ணீரில் கையை வீசி வீசி வந்துகொண்டிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. முரளி அவர் சட்டையைப் பிடித்துக் கரைப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, எங்க போறீங்க?" என்றாள் சுலோச்சனா, படகில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

அவர் அவளைப் பார்த்தார். படகைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. "உன்னைத் தேடிக்கினுதான்," என்றார்.

கரையில் விசில் பறந்தது. முனெய்யா துடுப்பால் பரிசலைத் தட்டித் தாளம் போட்டு, ஐஸ் வண்டிக்காரருக்கும் சேர்த்து, தான் சொன்னது பொய்யில்லை என்று தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறி அறிவித்தார்.

"நீ எந்திரிச்சதை நான் பாக்கலியே," என்றார் தணிகாசலம். "இன்னொரு வாட்டி செய்."

"முதல்ல நீங்க கரை ஏறுங்க."

அவர் ஏறியதும் செய்தாள். இந்தத் தரம் முதல் வளைவிலேயே வந்தது. போன் செத்துப்போயிருந்ததால் அவரால் படம் எடுக்க முடியவில்லை. எல்லாப் படமும் அகிலாவின் போனில்தான் இருக்கிறது. எல்லாவற்றிலும் அவள் விரல் பாதியை மறைத்திருக்கிறது.

இப்போது முரளி ஸ்வீப் பழகுகிறான், தோளுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறான். யோகேஷ் போட்டிக்கு சி டு சி பக்கம் தாவிவிட்டான். சண்டை நிற்கவில்லை, பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. சுலோச்சனா வலப்பக்கம் கவிழ்ந்தால் பத்துக்கு ஒன்பது தரம் எழுந்துவிடுகிறாள். இடப்பக்கம் கவிழ்ந்தால் கல் மாதிரி போகிறாள்.

"அந்தப் பக்கம் ஏன் கவுறணும்? இந்தப் பக்கமே கவுந்துக்கோயேன்," என்றார் தணிகாசலம்.

"படகு நம்மளைக் கேட்டுக்கினா கவுக்கும்?" என்றாள் அவள், மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, இடப்பக்கமாகச் சரிந்தபடி.